இணைப்பில் உள்ள ஆசிரியர்

அரசாங்கத் தமிழில் ‘இணைப்பு’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. கடிதத்தோடு குத்தி அனுப்பும் தாள் ஓர் இணைப்பு. ஒரு பாடசாலை ஆசிரியரைத் தற்காலிகமாக இன்னொரு பாடசாலையின் பெயரில் போட்டால் அதுவும் இணைப்பு. வயர் வழியாக ஒரு முகம் இன்னோர் ஊருக்குப் போனால் அதற்கும் இணைப்பு என்றுதான் பெயர். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். என் பெயர் ராஜலிங்கம். தமிழ்த் தட்டச்சில் பிழை விடாதவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெருமை இப்போது எனக்கு இல்லை.

இடம் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய. வருடம் இரண்டாயிரத்து எட்டு. வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்தால், கண்டிக்குள்ளேயே ஒரு பஸ் பயணத்தில் சோதனைச் சாவடிகளில் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டியிருந்த காலம். அந்தக் காலத்தில்தான் மலைநாட்டுக் காட்சியிணைப்புக் கல்வி நிலையம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பெரிய திரைகள் தந்திருந்தார்கள். ஒன்று எங்களிடம். மற்றது மலையில் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில்.

அந்தப் பாடசாலையில் சாதாரண தரச் சோதனைக்குப் போகும் ஓ.எல். வகுப்பில் பதினொரு பிள்ளைகள். நாலு வருடமாகக் கணக்கு வாத்தியார் இல்லை. டிசம்பரில் சோதனை. கணக்கில் தவறினால் மேலே படிக்க வழியில்லை. பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்பிள்ளைகள் யாரோ வீட்டுக் குசினிக்கும் போவார்கள். ஆகவே அந்தப் பதினொரு பேருக்கும் யாராவது கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு மனிதரும் ஒரு பஸ்ஸும் இருந்தால் முடிகிற காரியம் என்பது உங்களுக்கும் எனக்கும் விளங்குகிறது. அதனால்தான் நம்மையெல்லாம் திட்டக் குழுவில் யாரும் சேர்ப்பதில்லை.

நிலையத்தின் தலைவருக்கு இணைப்பாளர் என்று பதவிப் பெயர். தம்பிராஜா என்பவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்த பிறகு கண்டிக்கு வந்து, அன்றிலிருந்து எந்தத் தாளிலும் இரண்டு முறை யோசிக்காமல் கையெழுத்துப் போடாதவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதில் முதல் சிக்கல் வந்தது. இரண்டு இடத்திலும் ஏற்ற வேண்டுமா, ஒரு இடத்தில் ஏற்றினால் போதுமா? ஓர் இடத்தில் ஏற்றிய விளக்கு காட்சியிணைப்பின் மூலம் மற்ற இடத்திலும் ஏற்றப்பட்டதாகக் கருதப்படும் என்று தலைமையகம் எழுதியது. ஆகவே நாங்கள் ஏற்றினோம். பன்வில பக்கத்தில் பாடசாலையின் பதில் அதிபர் இராமையா எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கின் அருகில், நெருப்புப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்றாமல் நின்றார். எல்லோரும் கைதட்டினோம்.

தம்பிராஜா பேசினார். “பெரியோர்களே! ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பொற்காலத்தை இன்று திறந்துவைக்கிறோம். இனி எந்த ஆசிரியரும் தோட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் கண்டிக்கு வர வேண்டியதில்லை. அவரவர் அவரவர் இடத்திலேயே இருக்கலாம். இதைவிடப் பெரிய சமத்துவம் வேறென்ன?”

பிறகு பாற்சோறு வந்தது. எங்கள் பக்கத்தில்தான். நாங்கள் சாப்பிடுவதைப் பிள்ளைகள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பிராஜா வாயில் சோற்றோடு, “அங்கை எல்லாம் வடிவாக் கேக்குதோ?” என்று கேட்டார்.

“கேக்குதுங்க சேர். படமும் தெளிவா இருக்குங்க. வாசந்தான் வரல” என்றார் இராமையா.

பாடம் நடத்த வந்தவர் நவரட்ணராஜா மாஸ்டர். யாழ்ப்பாணத்துக் கொக்குவில்காரர். யாழ்ப்பாணப் பாதை மூடப்படும் முன் மனைவி பத்மாதேவியோடு வெளியே வந்து, அம்பிட்டியவில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். இருபது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர். முதல் நாளே அவருக்குக் குழப்பம். பிள்ளைகளின் முகம் திரையில். கமரா திரைக்கு மேலே. முகத்தைப் பார்த்துப் பேசினால், மாஸ்டர் தங்கள் காலைப் பார்த்துப் பேசுகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். கமராவைப் பார்த்துப் பேசினால் யார் முழிக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

“நான் ஆரைப் பாக்கிறது?” என்று கேட்டார்.

“கமராவைப் பாருங்கோ மாஸ்டர். வெள்ளைக்காரன் பாக்கிறது அதைத்தான்” என்றார் தம்பிராஜா.

யுத்த காலம் என்பதால், வயரில் போகும் ஒவ்வொரு பாடமும் முதலில் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பாதுகாப்பு அனுமதிக்குப் போக வேண்டும். சமன்பாட்டுப் பாடம் மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தது. ‘தெரியாத x’ என்ற இடத்தில் சிவப்பு மையில் வட்டம். ‘மேற்படி நபரின் முழுப் பெயர், நிரந்தர முகவரி, இவரை மாணவர்கள் ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்ற விபரம் ஆகியவற்றை அனுப்பவும்’ என்று கேட்டிருந்தார்கள். மாஸ்டர் அந்தத் தாளை இரண்டு தரம் வாசித்தார். சிரிக்கவில்லை. பிறந்த இடத்தைச் சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன மனிதருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது. x என்பது 4 என்று நான் பதில் தட்டச்சு செய்து அனுப்பினேன். அனுமதி கிடைத்தது.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் ஜெஸீமா. மாவில்மடப் பக்கத்து மனுசி. எங்கள் அலுவலகத்தில் தன் வேலை தெரிந்த ஒரே ஆள். பன்வில மலையில் மழை பிடித்தால் படம் உறைந்துவிடும். மாஸ்டர் கையைத் தூக்கியபடி அங்கே அரை மணி நேரம் நிற்பார்.

“லைன் பெய்த்து சேர்” என்பார் ஜெஸீமா. “இந்நேரம் நீங்க பஸ்ஸெடுத்து பன்வில ரோட்டுல வத்தேகமைக்கே பெய்த்திருக்கலாம்.”

லைன் போகும் நாளெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுத வேண்டும். ‘ஆசிரியர் வந்தார். இணைப்பு இல்லை.’ ஒரு மாதத்தில் பதினான்கு தடவை எழுதினேன். அந்தப் பக்கங்களின் பிரதி தலைமையகத்துக்குப் போனது. அங்கே யாரோ ஒரு புண்ணியவான் அதை வாசித்து மனம் இரங்கி, உடனே பதில் போட்டார். ‘பதினான்கு நாட்களாக இணைப்பின்றிக் கடமையாற்றிவரும் ஆசிரியர் நவரட்ணராஜாவுக்கு இத்தால் பன்வில பாடசாலைக்குத் தற்காலிக இணைப்பு வழங்கப்படுகிறது.’

அதாவது லைன் இல்லை என்று நாங்கள் முறையிட்டோம். மாஸ்டரை அந்தப் பாடசாலை ஆசிரியராகப் பதிந்து எங்கள் குறையைத் தீர்த்துவிட்டார்கள். தம்பிராஜா அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அதன் விளைவு இராமையாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. உயிரோடு ஒரு கணக்கு வாத்தியார் வேண்டும் என்று நாலு வருடமாக அவர் போட்டுவந்த மனு, இம்முறை ஒரே கிழமையில் திரும்பி வந்தது. ‘தங்கள் பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர் இணைப்பில் உள்ளார். வெற்றிடம் இல்லை.’

திரையில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார் இராமையா. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. “எங்களுக்கு வாத்தியார் இருக்காராம் சேர். யாருன்னு தேடிக்கிட்டு இருக்கேன்” என்றார்.

மாஸ்டர் அடுத்த சனிக்கிழமை காலை ஒருவரிடமும் சொல்லாமல் பன்வில பஸ்ஸில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை வந்து கதிரையில் உட்கார்ந்தார். முகம் பேயறைந்தது போல் இருந்தது. பையிலிருந்து பதினொரு கொப்பிகளை எடுத்து என் மேசையில் வைத்தார். “தம்பி, இதுகளை ஒருக்காப் பாரும்.”

பார்த்தேன். அழகான கையெழுத்து. எல்லாக் கணக்கும் பிழை. பதினொரு பேரும் ஒரே மாதிரிப் பிழை விட்டிருந்தார்கள். ஒரு கொப்பியிலாவது கழித்தல் குறி கிடையாது. எங்கள் திரை சின்னக் கோடுகளை விழுங்கிவிடும். மாஸ்டர் பலகையில் போட்ட கழித்தல் குறி ஒன்றுகூடப் பன்வில போய்ச் சேரவில்லை. மூன்று மாதமாக அந்தப் பிள்ளைகள் ஒன்றுமே குறையாத ஒரு கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“சிவமணி எண்டொரு பிள்ளை. நல்ல மூளைசாலி. ‘சேர், நீங்க சொல்லும்போது கழிங்கன்னு கேக்குது, பலகையில பாத்தா ஒண்ணும் இல்ல. நாந்தான் மக்குன்னு நெனைச்சேன்’ எண்டு சொல்லிச்சுது. எனக்கு அழுகை வந்திட்டுது.” சொல்லும்போதும் அவருக்குக் கண் கலங்கியது.

அவரைத் தம்பிராஜாவின் அறைக்கு நான்தான் கூட்டிப்போனேன். தம்பிராஜா கொப்பிகளைப் புரட்டினார்.

“மாஸ்டர், கூட்டல், பெருக்கல், பிரித்தல் எல்லாம் போய்ச் சேந்திருக்கெல்லோ? நாலிலை மூண்டு. எழுபத்தைஞ்சு வீதம். இப்பிடியான திட்டங்களிலை உது பெரிய வெற்றி.”

“ஐயா, கழித்தல் இல்லாமல் என்னெண்டு கணக்குச் செய்யிறது?”

“அறிக்கையிலை கழித்தல் வாறது எனக்கும் விருப்பமில்லை” என்றார் தம்பிராஜா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மாஸ்டர் போனார். கிழமை நாட்களில் திரையில் பாடம் நடத்துவார். சனிக்கிழமை போய் அதைத் திருத்துவார். பிள்ளைகளுக்கு விளங்கத் தொடங்கியது. இராமையா தன் வீட்டு ரொட்டியும் சம்பலும் கொடுத்து அனுப்புவார். ஒரு தடவை அதில் ஒரு துண்டை மாஸ்டர் எனக்கும் கொண்டுவந்தார். அந்த இரண்டு மாதமும் எங்கள் நிலையம் கணக்குச் சொல்லிக் கொடுத்தது என்றால் அது நிலையத்துக்குத் தெரியாமல் நடந்ததுதான்.

ஒரு நாள் அவரே வாய் திறந்தார். வேறு வழியில்லை. “ஐயா, வத்தேகமைக்கு இஞ்சால ஒவ்வொரு கிழமையும் என்னைப் பஸ்ஸாலை இறக்கிறாங்கள். யாழ்ப்பாணத்தானுக்குப் பன்விலையிலை என்ன வேலை எண்டு கேக்கிறாங்கள். படிப்பிக்கப் போறன் எண்டு நீங்கள் ஒரு கடிதம் தந்தால் காணும்.”

தம்பிராஜா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “நீங்கள் அங்கை போறியள் எண்டு நான் எழுதித் தந்தால், தொலைக்கல்வியிலை தொலைவு எங்கை மாஸ்டர்? தை மாதம் மதிப்பீட்டுக்கு வாறாங்கள். போகாமல் படிப்பிக்கலாம் எண்டுதான் இவ்வளவு சாமானும் தந்தவங்கள். நீங்கள் போய்ப் படிப்பிச்சுத் திட்டத்தைக் கெடுக்கிறியள்.”

“பிள்ளையளுக்கு டிசம்பரிலை சோதினை, ஐயா.”

“திட்டத்துக்குத் தையிலை சோதினை” என்றார் தம்பிராஜா.

கடிதம் இல்லாமலே மாஸ்டர் அந்தச் சனிக்கிழமையும் போனார். ஐப்பசி மாதம். அந்தக் கிழமை வேறெங்கோ ஒரு குண்டு வெடித்திருந்தது. பஸ்ஸை விட்டு இறக்கியவர்கள் திரும்ப ஏற்றவில்லை. அவருடைய பையில் பதினொரு கொப்பியும், ஒரு கவராயமும், பதினொரு பேரின் பெயர்ப் பட்டியலும் இருந்தன. பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் கழித்தல் குறி போட்டிருந்தது. யார் யார் அதைப் படித்துவிட்டார்கள் என்பதற்கான அடையாளம் என்று அவர் சொன்னாராம். கேட்டவர்களுக்கு அது வேறு மாதிரி விளங்கியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவரைப் பிடித்து வைத்தவர்களிடமிருந்து எங்களுக்கு ஓர் உத்தியோகக் கடிதம் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான், அதுவும் நியாயமான கேள்வி. இவருக்குப் பன்விலைக்குப் போக உத்தியோகத் தேவை ஏதும் உண்டா?

உண்டு. அந்த ஒரு சொல் போதும். அதை எழுதியிருந்தால் மனிதர் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்திருப்பார்.

தம்பிராஜா மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வியர்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘மேற்படி ஆசிரியர் காட்சியிணைப்பு மூலம் பன்வில பாடசாலையில் முழுமையாகக் கடமையாற்றி வருகிறார். ஆகவே அவர் அங்கு நேரில் செல்ல வேண்டிய உத்தியோகத் தேவை இதுவரை எழவில்லை. இனியும் எழாது. சனிக்கிழமைகளில் அவர் அங்கு சென்றமைக்கான காரணம் இந்நிலையம் அறியாதது. இணைப்பு: வரவுப் பதிவேட்டின் பிரதி.’

“சேர், அந்தச் சனிக்கிழமை வரிய மட்டும் விட்டுருவோமா?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “ராஜலிங்கம், உமக்கும் பிள்ளையள் இருக்கினம் எல்லோ?”

எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அடித்து முடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அந்தக் கடிதத்தில் அந்த ஒரு வரி போக மற்றதெல்லாம் கோப்புப்படி உண்மை. மாஸ்டரைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

இராமையா புது வாத்தியார் கேட்டு எழுதினார். ‘ஆசிரியர் இணைப்பில் உள்ளார். வெற்றிடம் இல்லை’ என்று பதில் போனது. ஆள் மறியலில் அடைபட்டிருப்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. அது வேறு கோப்பு.

ஆனால் வகுப்பு நிற்கவில்லை. மதிப்பீட்டுக்காக எல்லாப் பாடங்களையும் ஜெஸீமா டிவிடியில் பதிந்து வைத்திருந்தார். அவற்றை வரிசையாகப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. காலை எட்டரைக்கு மாஸ்டர் திரையில் வருவார். தம்பிராஜாவுக்கு அதில் மெய்யான சந்தோசம். இந்த மாஸ்டர் பிந்தி வருவதில்லை. கடிதம் கேட்பதில்லை. சனிக்கிழமை எங்கும் போவதில்லை. பாடம் நடந்ததா? நடந்தது. நடத்தியது யார்? நவரட்ணராஜா. ஆகவே பதிவேட்டில் நான் அவருக்கு ஒவ்வொரு நாளும் வரவு போட்டேன்.

கார்த்திகை மாதம் பத்மாதேவி வந்தார். நல்ல மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல் கதிரையில் உட்கார மாட்டேன் என்பது போல நின்றார். தெற்குக்குப் போய்ப் பார்க்க முயன்று இரண்டு தடவை முகாம் வாசலோடு திரும்பியிருக்கிறார்.

“ஐயா, அவர் உங்கடை இடத்திலை வேலை செய்யிற வாத்தியார், அரெஸ்ட் பண்ணின நாளிலை இருந்து வேலைக்கு வரேல்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ. லோயர் கேக்கிறார். காணாமல் போன ஆள் இல்லை, பிடிச்சு வைச்சிருக்கினம் எண்டு காட்ட வேணுமாம்.”

தம்பிராஜா பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். “தங்கச்சி, நான் என்னெண்டு அப்பிடி எழுதிறது? பாருங்கோ. ஒரு நாள்கூட வராமல் விடேல்லை. நேற்றும் வந்திருக்கிறார். இண்டைக்கும் வந்திருக்கிறார்.”

பத்மாதேவி என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

“இண்டைக்கு வந்திருக்கிறாரோ?” என்று மெல்லக் கேட்டார்.

தம்பிராஜாவுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. இரக்கமாகவும் இருக்கலாம். எழுந்து அவரைப் பாட அறைக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். திரையின் ஒரு பாதியில் மாஸ்டர், வழக்கமான நீலக் கோடு போட்ட சேட்டோடு, பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மறு பாதியில் பன்வில பிள்ளைகள் பதினொரு பேரும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெஸீமா மைக்கை மூடக் கையை நீட்டிவிட்டு, பத்மாதேவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பத்மாதேவி திரைக்குக் கிட்டப் போனார்.

“இஞ்சேருங்கோ” என்றார்.

மாஸ்டர் எழுதுவதை நிறுத்தித் திரும்பினார். அன்றைக்குப் பாடத்தின் நடுவில் ஏதோ ஒரு பிள்ளை கூப்பிட்டிருக்க வேண்டும். நேரே கமராவைப் பார்த்தார். அதாவது நேரே அவரைப் பார்த்தார்.

“ஓம், கேக்குது. சொல்லுங்கோ.”

“எங்கை வைச்சிருக்கினம் உங்களை? சாப்பாடு தருகினமோ? பிறெசர் குளிசை கிடைக்குதோ? கண்ணாடியைப் புடுங்கிப்போட்டினம் எண்டு ஒராள் சொன்னார், உண்மையோ?”

மாஸ்டர் தலையைச் சற்றுச் சரித்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்ட பிள்ளையின் குரல் அந்த டிவிடியில் பதிவாகவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்த இடம் மட்டும் பதிவாகியிருந்தது. பத்மாதேவி மூச்சு விடாமல் அதை நிரப்பினார்.

“சரி, விளங்குது” என்றார் மாஸ்டர். “பயப்பிடாதேங்கோ. இது சின்னப் பிழைதான். திருத்திப்போடலாம்.”

திரும்பிப் பலகையில் எழுதப் போய்விட்டார். தம்பிராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு திரையின் மறு பாதியில் ஒரு பிள்ளை எழுந்து நின்றது. சிவமணிதான்.

“அம்மா, அது படங்க” என்றது. “சேர் அங்க இல்லீங்க. நாங்களும் மொதல்ல அப்படித்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

“தெரியும் பிள்ளை” என்றார் பத்மாதேவி. “இருந்தாலும் கேட்டனான்.”

அங்கேயே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாடம் முடியும் வரை இருந்தார். முடிந்ததும் எழும்புவார் என்று எல்லோரும் பார்த்தோம். எழும்பவில்லை. இயந்திரத்தை நிறுத்தும்படி தம்பிராஜா கண்ணைக் காட்டினார். ஜெஸீமா அதைக் காணாதது போல், டிவிடியைத் திரும்ப முதலிலிருந்து போட்டார். மாஸ்டர் மறுபடி வந்து காலை வணக்கம் சொன்னார். பதினொரு பிள்ளைகளும் எழுந்து அவருக்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

அன்று பன்வில பாடசாலையில் ஒரே பாடம் இரண்டு முறை நடந்தது. இரண்டாம் முறையும் விளங்கவில்லை என்று சிவமணி சொன்னது.